சுடுகாட்டுப் பாதையில் ஒரு கம்பி

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு, திருநாவலூரை விட்டுக் கிளம்பியவன் படுக்காத இடமில்லை. சின்னசேலம் ஸ்டேஷனில் மூட்டைகளுக்கு நடுவே, சேலத்தில் கட்டி முடிக்காத வீடுகளில், ஒரு தடவை மழைக்கு ஒதுங்கிய சுடுகாட்டுக் கொட்டகையிலேயே தூங்கியிருக்கிறேன், கொசு கடித்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. உயிரோடு இருக்கிற மனுஷன் செய்வதைப் பார்த்தபின் செத்தவனைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். அதனால் இதைக் கேட்டுவிட்டு இவன் கதை விடுகிறான் என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில். நான் குடித்திருக்கவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு ஊர், பேர் வேண்டாம். கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் கேள்விப்பட்டுப் போனேன். ஒரு மாதம் என்று போனவன் இரண்டு வருஷம் இருந்துவிட்டேன் என்றால் அதற்குக் காரணம் மண்ணாங்கட்டி அண்ணன். சிரிக்காதீர்கள், எங்கள் பக்கம் முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால் அடுத்ததுக்கு அப்படித்தான் பேர் வைப்பார்கள். காலனியில் தன் வீட்டுச் சாய்ப்பில் எனக்குப் படுக்க இடம் கொடுத்தவர் அவர். சோறு அவர் மனைவி அஞ்சலை அக்கா கையால்.

அந்தக் காலனியில் யார் செத்தாலும் சுடுகாட்டுக்குப் போக இரண்டு வழி. ஒன்று ஊர்த்தெரு, நல்ல தார் ரோடு. அதில் காலனிப் பாடை போகக்கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எழுதாமலேயே எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று கரும்புக்கு நடுவே போகிற வண்டிப்பாதை. அந்தப் பாதைக்குக் குறுக்கே கரண்ட் கம்பிகள் போகின்றன. மேலே இருக்கிற கம்பிகள் ஒழுங்காக இருக்கும், அடிக்கம்பி மட்டும் தொய்ந்து, ஒரு ஆள் கையைத் தூக்கினால் தொடுகிற உயரத்தில் தொங்கும். தோளில் பாடையை வைத்துக்கொண்டு அதன் கீழே போக முடியாது. மனு கொடுத்தார்கள், வந்து பார்த்தார்கள், டீ குடித்தார்கள், போய்விட்டார்கள்.

அதற்கு மண்ணாங்கட்டி அண்ணன்தான் ஒரு வழி வைத்திருந்தார். நன்றாகக் காய்ந்த மூங்கிலின் நுனியில் ஒரு கவைக்கட்டையைக் கட்டி வைத்திருப்பார். எந்தச் சாவானாலும் அவர் பாடைக்கு முன்னால் அந்தக் கோலோடு நடப்பார். அடிக்கம்பியைக் கவையில் வாங்கி, மேல்கம்பியில் பட்டுவிடாமல் நிதானமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பாடை தோளிலேயே போகும். பாடை போனதும் இறக்கிவிட மாட்டார், பின்னால் வருகிற கூட்டம், கிழம் கட்டை, தெருநாய் வரைக்கும் போக வேண்டும். "கடைசி ஆளு போச்சா?" என்று கேட்பார். போச்சு என்று சொன்னபிறகுதான் மெதுவாக இறக்குவார். கவை விலகும்போது கம்பி இரண்டு தடவை அதிர்ந்து நிற்கும். எத்தனையோ சாவில் பார்த்திருக்கிறேன்.

அவர் அந்தக் கம்பியில்தான் செத்தார். சித்திரை மாதத்தில் திடீரென்று ஒரு தூறல். கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் பாதையில் நின்றது, நான் லோடு மேலே உட்கார்ந்திருந்தேன். நிலத்துக்காரர் கீழே நின்று, "மண்ணாங்கட்டி, கம்பியத் தூக்குடா, வண்டி போவணும்" என்றார்.

"கோலு நனைஞ்சிருக்குதுங்க. கொஞ்சம் காயட்டுங்க."

"லோடு நிக்குதுடா. நீ இன்னா புதுசாவா தூக்கற?"

அவ்வளவுதான் பேச்சு. அண்ணன் தோளில் இருந்த துண்டால் கோலைத் துடைத்தார், அந்தத் துண்டும் நனைந்துதான் இருந்தது. நான் லோடு மேலிருந்து குதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாலைக்குள் டீக்கடையில் நிலத்துக்காரர், "தண்ணியப் போட்டுட்டுப் போயி கம்பியப் புடிச்சிட்டான், நாம இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டார். அண்ணன் குடிப்பார், இல்லையென்று சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

உடல் மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் என்றார்கள். காலனியில் எல்லோரும் கூடினோம். பையன்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள், ஊர்த்தெரு வழியாகத்தான் தூக்குவோம், வருகிறவன் வரட்டும் என்றார்கள். எனக்கும் அதே ஆத்திரம்தான், பொய் சொல்வானேன். அஞ்சலை அக்காதான் வாயைத் திறந்தார்.

"ஊர்த்தெருவுல போயி அடிச்சிக்கினு இன்னொரு பொணம் உழுந்தா, அதுவும் இந்தப் பாதையிலதான் போவணும். நம்ம வழியிலயே போலாம். ஆனா தோள்லதான் போவணும். கம்பிக்குப் பயந்துக்கினு கீழ எறக்கி, செத்த மாட்ட இழுக்கற மாரி இழுத்துக்கினு போவக் கூடாது. எத்தினி பேர அவரு தோள்லயே அனுப்பி வெச்சாரு."

சரிதான், ஆனால் கோலை யார் பிடிப்பது? பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் நான் ஒருத்தன்தான், நான் பிடிக்கிறேன் என்றேன். அதோடு ஏற்பாடு முழுக்க என் தலையில் விழுந்தது. இன்னொரு உயிர் போகக் கூடாது, அவரும் தோளிலிருந்து இறங்கக் கூடாது, இந்த இரண்டும்தான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வெடி கிடையாது என்றேன், இரண்டு பக்கமும் காய்ந்த கரும்புச் சோகை, ஒரு பொறி போதும். தூக்குகிற நாலு பேரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும், அடக்கம் முடிகிறவரை ஒரு சொட்டு வாயில் வைக்கக் கூடாது. பாடைக்கு மேலே பூவளைவு வேண்டாம், மாலை மட்டும். கம்பிக்கு இந்தப் பக்கமே பறையை நிறுத்திவிட வேண்டும், நான் சொல்வது காதில் விழ வேண்டும்.

பறை அடிக்கிற சின்னப்பன் மாமா அந்தத் துக்கத்திலும், "கலெக்டரு வந்தாகூட இவ்ளோ ஏற்பாடு கெடையாதுடா ஏழுமலை" என்றார்.

"கலெக்டரு இந்தப் பாதையில வர மாட்டாரு மாமா. வந்தா கம்பி தன்னால மேல போயிடும்" என்றேன். அப்போது அதைக் கிண்டலாகத்தான் சொன்னேன்.

காலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு போய் வயர்மேனைப் பிடித்தேன். நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன். டிரான்ஸ்பார்மரில் பீஸைப் பிடுங்கிக் கரண்டை நிறுத்திவிடுகிறேன், நீங்கள் கடந்து போகிறவரை அங்கேயே நிற்கிறேன் என்று சொன்னார். அண்ணன் கோலைப் போலீஸ் எடுத்துப் போயிருந்ததால், காய்ந்த மூங்கில் தேடி நானே ஒன்று கட்டினேன்.

உடல் வந்து சேர, உச்சி நேரத்தில் கிளம்பினோம். முந்தின நாள் தூறிய சுவடே இல்லை, வெயில் மண்டையைப் பிளந்தது, கரும்பில் ஒரு இலை ஆடவில்லை. பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். தூரத்தில் டிரான்ஸ்பார்மருக்கு அடியில் வயர்மேன் கையை ஆட்டினார், பீஸைப் பிடுங்கியாகிவிட்டது என்று அர்த்தம். நான் முன்னால் கோலோடு நடந்தேன். கம்பிக்கு முன்னால் வந்ததும் கையைத் தூக்கினேன், பறை நின்றது.

பறை நின்றதும்தான் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம். நிலத்துக்காரர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டியில் தண்ணீர் தடதடவென்று விழுந்துகொண்டிருந்தது. அந்த மோட்டாருக்கும் இந்தக் கம்பிக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர், அது ஓடினால் கம்பியிலும் கரண்ட் இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன், அடியில் வயர்மேனைக் காணோம்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. நீங்கள் நம்பமாட்டீர்கள், பயம் வரவில்லை, அப்படி ஒரு வெறி வந்தது, கோலைத் தரையில் ஊன்றிக்கொண்டு அந்த மோட்டார் கொட்டகையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன், ஒரு மனுஷனை எடுத்துக்கொண்டு போகிற நேரத்துக்குக்கூட உன் கரும்பு தாகம் தாங்காதா என்று. நின்றது கொஞ்ச நேரம்தான். அதற்குள் நாலு பேரும் என்னைத் தாண்டிவிட்டார்கள். கரண்ட் இல்லை, கோல் இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள், தலையைக் குனிந்து பாதையைப் பார்த்து நடந்தார்கள். கத்த வாயெடுத்தேன், அதற்குள் கம்பிக்குக் கீழேயே போய்விட்டார்கள்.

கம்பி மேலே இருந்தது.

அடிக்கம்பி, எப்போதும் தொங்குகிற அதே கம்பி, நடுவில் ஒரே ஒரு இடத்தில் கூம்பாக மேலே எழும்பி நின்றது, கூடாரத் துணியைக் கம்பம் தூக்குகிற மாதிரி. மேல்கம்பியில் படாமல், ஒரு சாண் விட்டு நின்றது. என் கோல் என் கையில், அதன் நுனி என் தலைக்கு மேலே வெறும் காற்றில் இருந்தது. பாடை அந்தக் கம்பிக்குக் கீழே தோளிலேயே போனது. மாலையில் ஒரு பூகூடப் படவில்லை.

கூட்டம் போயிற்று. நான் தூக்கிப் பிடித்திருக்கிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், துக்கத்தில் போகிறவன் எவன் அண்ணாந்து பார்க்கிறான். சின்னப்பன் மாமா மட்டும் பார்த்தார். கம்பியைப் பார்த்தார், என் கோலைப் பார்த்தார், பறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் மறுபடி பறை கேட்டது.

நான் இந்தப் பக்கமே நின்றேன். கம்பியும் இறங்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கம்பி அப்படியே நின்றது. பாடை பாதை வளைவில் மறைந்த பிறகும் அப்படியே நின்றது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கடைசி ஆள் நான்.

ஓடவில்லை. நடந்துதான் போனேன். தாண்டிவிட்டுத் திரும்பினேன். கம்பி மெதுவாக, அவர் இறக்குகிற அதே நிதானத்தில் இறங்கி, பழைய உயரத்துக்கு வந்து, இரண்டு தடவை அதிர்ந்து நின்றது.

சாயங்காலம் வயர்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நெலத்துக்காரரு வந்து திட்டனாருப்பா, பயிரு காயுதுன்னாரு, அவரே பீஸ சொருகிட்டாரு. உன்கிட்ட சொல்லத்தான் ஓடியாந்தேன், அதுக்குள்ள நீங்க தாண்டிட்டீங்க." கம்பி எழும்பியதைச் சொன்னேன். காற்றாக இருக்கும் என்றார், வெயிலுக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருக்கும் என்றார். வெயிலில் கம்பி தொய்யுமே தவிர மேலே போகாது, அது எட்டாவது பாதி வரை படித்த எனக்கே தெரியும்.

அடக்கம் முடிந்து வந்தபோது அஞ்சலை அக்கா தெருமுனையிலேயே உட்கார்ந்திருந்தார்.

"தோள்லதான் போனாரா?"

"தோள்லதாங்க்கா."

"கம்பிய நீதான் தூக்கனியா?"

அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். ஆச்சரியப்படுவார், கும்பிடுவார் என்று நினைத்தேன். இல்லை. அவிழ்ந்து கிடந்த தலைமுடியை இழுத்து முடிந்துகொண்டு எழுந்தார். மோட்டார் ஓடுகிற திசையைப் பார்த்தார்.

"அவரு சாவுக்கும் அவர்கிட்டயே வேல வாங்கறானுங்க பாரு" என்றார். உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அடுத்த கரும்புப் பருவத்தில் அந்தக் கம்பியை உயர்த்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஆள் செத்ததற்காக இல்லை, நிலத்துக்காரர் வாடகைக்கு எடுத்த கரும்பு வெட்டும் இயந்திரம் போக உயரம் பத்தவில்லையாம். புதுக் கம்பம் நட்டு, கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டிக் கொடுத்தார்களாம். எவ்வளவு சுலபம் பாருங்கள்.

போன வருஷம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், அக்காவைப் பார்க்க இறங்கினேன். பார்த்துவிட்டு, அண்ணனைப் புதைத்த இடத்துக்கு அந்தப் பாதையில் தனியாக நடந்தேன். உச்சி வெயில், காற்று இல்லை, கம்பியில் ஒரு காக்கை இல்லை. கம்பிகள் தலைக்கு மேலே வெகு உயரத்தில் நேர்க்கோடாக இருந்தன, யானை மேல் உட்கார்ந்து போகலாம். தாண்டிக் கொஞ்ச தூரம் போய், எதற்கோ திரும்பிப் பார்த்தேன்.

அடிக்கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை அதிர்ந்து நின்றது.

வேலை முடிந்துவிட்டது என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.