பச்சை நடுவே ஒரு கறுப்பு

மாலையில் சின்ன ரப்பர் உறிஞ்சியைக் கண்ணருகே கொண்டுபோகிறேன். 'ப்ளக்'. கெட்டி லென்ஸ் கழன்று வருகிறது. எத்தனை வருடமானாலும் அந்தச் சத்தத்துக்கு என் முதுகு விறைக்கிறது. ஆரியசாலைக்குப் பக்கத்துச் சந்தில், கண் மருத்துவமனையின் இருட்டறையில், லென்ஸ் பொருத்திப் பார்க்கும் அக்காவின் எதிரே, மறுபடி மோவாயை ஊன்றி மூச்சடக்கி உட்கார்ந்துவிடுகிறேன்.

என் கருவிழி கூம்பாகப் புடைத்துக்கொண்டே வந்தது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு ஒரு புள்ளி மூன்றாகத் தெரிந்தால் என்ன மிச்சம்? இடது கண்ணில், வேறெங்கோ வாங்கிய பொருந்தாத லென்ஸ் உரசி உரசித் தழும்பு விழுந்துவிட்டது. இருந்தது வலது மட்டும். திங்கட்கிழமை வராவிட்டால் மேசை வேறொருவருக்கு என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று வெள்ளி.

அக்கா நாஞ்சில் நாட்டுக்காரர். பேச்சில் பாதி மலையாளம். மூன்றாவது சோதனை லென்ஸை வைத்தார். மணல் விழுந்ததுபோல் உறுத்தல், கண்ணீர், பிறகு எழுத்துகள்! சுவரில் கடைசி வரி வரைக்கும், மை காயாத கறுப்பில், ஒன்று ஒன்றாகவே நின்றது.

"வேதனை உண்டா மக்ளே?"

"இல்லக்கா, சுகமா இருக்கு."

பொய். இமை துடித்துக்கொண்டிருந்தது.

அவர் சாயம் தோய்த்த தாளால் கண்ணோரம் தொட்டு, நீல வெளிச்சத்தைப் போட்டார். லென்ஸுக்கு அடியில் கண்ணீர் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும். லென்ஸ் விழியைத் தொடும் இடம் கறுக்கும். உச்சுக்கொட்டினார்.

"நடுவிலே கறுப்பு. கூம்பு உச்சியிலேயே ஏறி உக்காந்திருக்கு. இது வேண்டா."

"இதிலதான் தெரியுது அக்கா! இதையே எழுதிக் குடுங்க."

"உச்சியை அமுக்கிப் பிடிச்சிருக்கு, அதான் தெரியுது. உரசி உரசி இந்தக் கண்ணும் அந்தக் கண்ணு மாதிரி ஆச்சுன்னா, பின்னே எதை வச்சு வாசிப்பே?"

ப்ளக். எழுத்துகள் கரைந்தன. அந்த நொடியில் அவரை வெறுத்தேன். இன்னும் நான்கு லென்ஸ். ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு, சாயம், நீலம். கடைசியில் பொருந்தியதில் எல்லாம் மங்கல். அதே வடிவத்தில் என் பவர் சேர்த்துச் செய்து வர மூன்று வாரமாம்.

மேசை போகத்தான் செய்தது. பல மாதம் கழித்து இன்னோர் அச்சகத்தில் இன்னொரு மேசை. வலது கண்ணில் இன்றுவரை தழும்பில்லை. நான் கெஞ்சிக் கேட்டதைத் தர மறுத்தவர்களில் அவர் ஒருவருக்கே நன்றிக்கடன்பட்டிருக்கிறேன். அன்று அது தெரியவில்லை, சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கினேன். அக்கா வாசல் வரை வந்தார்.

"என்னைத் திட்டணும்னா மூணு வாரம் களிஞ்சு வா, கேட்டோ? மூஞ்சியைத் தெளிவாப் பாத்தே திட்டலாம்."