ஐந்தாவது படிவம்

கல்லூரியில் அவளுக்கு ஜெபக்கா என்று பெயர். கூடப் படிக்கிற பெண்கள் வைத்தது. காலை எட்டே முக்காலுக்குச் சாப்பல் மணி அடித்ததும் ஜெபக்கூடத்தில் மூன்றாவது வரிசைப் பெஞ்சில் தூணோரமாக உட்காருவாள், விரல்களைக் கோத்துக்கொள்வாள், கண்ணை மூடுவாள். ஒன்பது மணிக்கு எல்லாரும் எழுந்து நிற்கும்போதுதான் திறப்பாள். முப்பத்தாறு வயதில் சமூகவியல் படிக்க வந்தவளுக்கு என்ன பக்தி பார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். துறைத் தலைவியான சிஸ்டர்கூட ஒருமுறை வகுப்பில் அவளைக் காட்டி, ஜெபித்தால் இப்படி ஜெபிக்க வேண்டும் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உண்மையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம்.

தூங்காமல் என்ன செய்வாள்? காலை நாலு மணிக்கு எழுந்தால், ஐந்திலிருந்து ஏழு வரை ஒரு ஆபீசின் மூன்று மாடியையும் பெருக்கித் துடைக்க வேண்டும். வீட்டுக்கு ஓடிவந்து குளித்து, கல்லூரிக்கு ஓட வேண்டும். ஒன்றரைக்கு வகுப்பு முடியும். இரண்டிலிருந்து பத்து வரை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம். ஈரப் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்துத் தோள்பட்டை இரண்டும் கழன்றுவிட்டதுபோல் இருக்கும். புருஷன் லாரி ஓட்டுகிறவன்; மாசத்தில் இரண்டு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். வீட்டில் இருப்பது பதினைந்து வயது மகள் மட்டும்தான்.

இவ்வளவு பாடும் ஒரு நாற்காலிக்காக. அதே ஆஸ்பத்திரியில் சமூகப் பணி உதவியாளர் என்று ஒரு வேலை காலியாகப் போகிறது. ஒன்பதிலிருந்து ஐந்து வரை, உட்கார்ந்து பார்க்கிற வேலை. பட்டம் இருந்தால் உனக்குத்தான் என்று மேட்ரன் வாய் விட்டுச் சொல்லிவிட்டார். பட்டத்துக்குப் பாக்கி இருந்தது களப்பணித் தாள் ஒன்றுதான். அது போனால் வருஷமும் போகும், நாற்காலியும் போகும்.

களப்பணி என்பது ஐந்து படிவங்கள். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு ஆளைப் பிடித்து, நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தீர்கள், எங்கே, யாருடன் என்று கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண் உண்டு. தூக்கத்துக்கு ஒன்று, சம்பள வேலைக்கு இரண்டு, வீட்டு வேலைக்கு மூன்று, ஓய்வுக்கு ஏழு, எதிலும் அடங்காததற்கு ஒன்பது. நாலு படிவத்தை அவள் ஒழுங்காகவே முடித்தாள். ஐந்தாவதாகச் சம்மதித்திருந்த அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள். மறுநாள் கடைசி நாள். இன்னொருவரைத் தேடிப்போக உடம்பில் தெம்பில்லை. சலவைக்கூடத்து இடைவேளையில், துணி மூட்டைமேல் உட்கார்ந்து, தன் நாளையே எழுதிவிட்டாள். பதிலாளர் எண் ஐந்து: பெண், வயது முப்பத்தொன்பது.

மாணவர் தானே பதிலாளராக இருக்கக் கூடாது என்பது விதி. தெரிந்துதான் செய்தாள். ஆள்தான் பொய், மற்றதெல்லாம் நிமிஷக் கணக்கில் உண்மை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஐந்தையும் கொடுத்தாள்; மத்தியானம் சிஸ்டர் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"உட்காருங்க. இந்த அஞ்சாவது அம்மாவ எங்க பார்த்தீங்க?"

"தெரிஞ்சவங்கதான், சிஸ்டர்."

"சம்பள வேலை பத்து மணி நேரம். படிப்பு நாலரை. ஓய்வு சைபர். இருபத்திரண்டு வருஷமா இந்தப் படிவத்தப் பார்க்கறேன். ஓய்வுல சைபர் வந்தா, ஒண்ணு பதில் சொன்னவங்க அளந்து விட்டிருக்காங்க, இல்லன்னா எழுதினவங்க மரத்தடியில உட்கார்ந்து எழுதியிருக்காங்க. போன வருஷம் ஒரு பொண்ணு அஞ்சையும் அப்படித்தான் எழுதினா."

சிஸ்டர் படிவத்தின்மேல் விரலை வைத்தார்.

"தூக்கம் நாலே முக்கால். அதுலயும் கால் மணி நேரம் காலைல எட்டே முக்காலுக்கு. ஒன்பது மணிக்கு வகுப்பாம். நடுவுல எங்கம்மா போய்ப் படுக்கறாங்க?"

"படுக்கறதில்ல, சிஸ்டர். உட்கார்ந்துதான்."

சிஸ்டர் விரலை நகர்த்தி 'எங்கே' என்ற கட்டத்தைப் பார்த்தார். 'பெஞ்சு' என்றிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாவது வரிசையா?"

"ஆமா, சிஸ்டர்."

"மூணு வருஷமாவா?"

"முதல் வருஷம் பாட்டு முடியற வரைக்கும் முழிச்சிட்டிருந்தேன்."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்; உதட்டை மடித்து அடக்கிக்கொண்டார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உங்க மேல கோபம் இல்ல. ஆனா இத நான் எடுத்துக்க முடியாது. தன் நாளத் தானே எழுதினா யாருக்கும் சரியா எழுத வராது. அதுக்குத்தான் அந்த விதி."

"ஒரு வரிகூடப் பொய் இல்ல, சிஸ்டர்."

"இருக்கலாம். ஒரு நாள் தள்ளித் தரேன். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள வேற ஒருத்தரக் கேட்டு எழுதிட்டு வாங்க. பதினஞ்சு வயசு ஆகியிருந்தாப் போதும். வீட்டு ஆளா இருந்தாலும் பரவாயில்ல."

எழுந்து நடக்கும்போது அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூட நேரமில்லை, இரண்டு மணிக்குச் சலவைக்கூடத்தில் நிற்க வேண்டும்.

மறுநாள் காலை ஆபீஸ் வேலை முடிந்து வந்ததும் புதுப் படிவத்தோடு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"நேத்து என்னென்ன பண்ணினன்னு சொல்லு. சும்மா வரிசையாச் சொல்லிட்டே போ."

சொன்னாள். ஐந்தே காலுக்கு எழுந்தது, தண்ணீர் பிடித்தது, சமைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து துணி துவைத்தது, கடைக்குப் போனது, மறுபடி சமைத்தது, ஆறிலிருந்து எட்டு வரை படித்தது. தன்பாட்டில் நடந்துகொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்த வீடு, எண் மூன்று, எண் மூன்று என்று படிவத்தில் இறங்கிக்கொண்டே வந்தது. யாருடன் என்று கேட்டபோதெல்லாம் "யாருமில்ல" என்றாள் மகள். அவள் 'தனியாக' என்று எழுதிக்கொண்டே போனாள்.

"எட்டுலருந்து பத்தரை வரைக்கும்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு எழுதக் கூடாதுடி."

"உனக்காகக் காத்திட்டிருந்தேன். அதுக்கு நம்பர் இருக்கா?"

தேடிப் பார்த்தாள். இல்லை. ஒன்பது போட்டாள்.

"பத்தரைக்கு நீ வந்த. சாப்பாடு சூடு பண்ணி ரெண்டு தட்டுல போட்டேன்."

அவள் கேட்காமலேயே 'அம்மாவுடன்' என்று எழுதத் தொடங்கினாள். தன் படிவத்தில் இதே இடத்தில் 'மகளுடன்' என்று எழுதியிருந்தாள்.

"அம்மாவோடன்னா போடற?" என்றாள் மகள், பின்னலை முடிந்துகொண்டே. "நீதான் தூங்கிட்டியே. தட்டு முன்னாடி உட்கார்ந்தபடியே. எப்பவும் அப்படித்தானம்மா. எழுப்பப் பாவமா இருக்கும். நான் சாப்பிட்டு முடிச்சிட்டுத்தான் எழுப்புவேன், நீ ரெண்டு வாய் சாப்பிட்டுப் போய்ப் படுத்துப்ப."

குறை சொல்கிற குரல் இல்லை அது. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் எழுதியதை அடித்துவிட்டு 'தனியாக' என்று எழுதினாள்.

பன்னிரண்டு மணிக்குச் சிஸ்டர் படிவத்தை வரி வரியாகப் படித்தார். கடைசி வரியில் அடித்திருந்த இடத்தில் நிறுத்தினார்.

"உங்க படிவத்துல பத்தரை மணிக்குச் சாப்பாடு, மகளுடன்னு இருந்துச்சு. இதுல தனியாகன்னு இருக்கு. அது வேற நாளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வேறு நாள்தான்.

"எல்லா நாளும் ஒண்ணுதான், சிஸ்டர். அவ சொன்னதுதான் சரி."

சிஸ்டர் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஐந்து படிவங்களையும் சேர்த்துக் கட்டினார்.

நாற்காலி இனிக் கிடைத்த மாதிரிதான். ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் ஆறுக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல் கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை.