உப்பில்லாத பிஸ்கட்

நாய்க்கு உப்பு ஆகாது. எங்கள் டாமிக்காகக் கோதுமை மாவையும் பூசணியையும் பிசைந்து நானே ஓவனில் பிஸ்கட் சுடுவேன். ஒருநாள் நடவு நட வந்த பெண்களுக்கு டீயோடு கொடுக்க பன் கிடைக்கவில்லை. அடி கருகிய பிஸ்கட்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.

"உப்பே இல்லீங்களே, ஆனா நல்லாருக்கு. நீங்களே சுட்டீங்களா?" என்றாள் செல்வி.

"உங்களுக்காகத்தான்" என்றேன், கூசாமல்.

அவள் இரண்டை மகளுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சாயங்காலம் டீத்தூக்கைத் திருப்பித் தர வந்தவள், டாமிக்கு நான் கருகாத பிஸ்கட்டுகளை ஊட்டுவதைப் பார்த்துவிட்டாள். முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் அதன் முன்னால் வைத்தாள்.

"இதுவும் அதோடதுதாங்க."

எனக்கு வந்தது வெட்கமில்லை, ஆத்திரம். நடவுக்காரிக்கு இவ்வளவு ரோஷமா என்று நினைத்தேன். நாய் பிஸ்கட்டைக் கொடுத்ததைக்கூட மறந்துவிடலாம். அப்படி நினைத்ததை மறக்க முடியவில்லை.