மூக்கம்மாள் சுமந்துபோன மண்

பண்ணைக்காட்டு பஸ் வத்தலக்குண்டில் வந்து நின்றதும், டிரைவர் இருக்கையை விட்டு இறங்காமலே என்னைப் பார்த்துக் கத்தினார்: "சங்கத்துத் தம்பி, மூக்கம்மாக்கா வெள்ளனே போயிருச்சுப்பா. ஏறு, வெரசா ஏறு." நெஞ்சுச் சளி என்று படுத்தவர், எழவில்லை. எங்கள் மலைக்கு வரி வசூல் ஏறி வருகிறது. வைத்தியர் ஏறி வருவதில்லை. அந்தக் கோபத்தோடுதான் பஸ்ஸில் உட்கார்ந்தேன். அவரைத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதும்போதும் அது தணியவில்லை. தணிய வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. பண்ணைக்காட்டுக்கு மேலே, எஸ்டேட்டின் ஓரத்தில் ஒரு சரிவு கிடந்தது. முதலாளி மரங்களை வெட்டி விற்ற இடம். நிழலும் வேரும் போனதும் மேல்மண் மழையோடு ஓடைக்குப் போய்விட்டது. மிஞ்சியது செம்மண்ணும் கல்லும். புல்கூட முளைக்க யோசித்த அந்த இடத்தைத்தான் மூக்கம்மாளுக்கு வாரத்துக்கு விட்டார்கள். உழைப்பு அவருடையது, விளைச்சலில் பாதி முதலாளிக்கு. கணவன் இல்லை. ஒரு மகனும் ஒரு பசுவும் மட்டும்.

கல் பொறுக்கி வரப்புக் கட்டினார். எஸ்டேட் காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் கல்யாண முருங்கைகளின் சருகைக் கூடை கூடையாக அள்ளி வந்தார். சாணி, களை, குலை வெட்டிய வாழைத் தண்டு எல்லாவற்றையும் துண்டு போட்டுக் குழியில் நிரப்பினார். நான் முதலில் அவரைப் பார்க்கப் போனபோது அந்தக் குழியைத்தான் கிளறிக்கொண்டிருந்தார். வாடை தாங்காமல் நான் முகத்தைத் திருப்பினேன்.

"என்னப்பா, சங்கத்துல கைய மடக்கி ஒசத்த மட்டுந்தான் சொல்லித் தந்தாங்களா? கைய உள்ள விடு."

விட்டேன். சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"அடுப்பில்லாம வேகுது பாத்தியா? உள்ள ஆயிரம் பேரு திங்கிறான். அவன் தின்னு கழிச்சத வாழை திங்கும். நாம வாழையத் திங்கிறோம். இதுல யாரு பெரிய சாதி, சொல்லு."

வெள்ளை நூலாகப் பூசணம் படர்ந்த இலைகள், நெளியும் புழுக்கள், சுருண்டு கிடந்த மரவட்டைகள். போன வருடத்து வாழைத் தண்டு அங்கே கறுத்துப் பொடிந்து இந்த வருடத்துக் குலைக்குக் காத்துக்கொண்டிருந்தது. மண்ணிடம் வாங்கியதை மரம் இலையாகத் திருப்பிக் கொடுக்கிறது. மாடு சாணியாகக் கொடுக்கிறது. வாங்கியதைத் திருப்பித் தராத ஒரே பிராணி எஸ்டேட் பங்களாவில் வசிக்கிறது.

வருடங்கள் போகப் போகச் சரிவு கறுத்தது. முழங்கை அளவு கறுப்பு மண். மலைவாழை குலை குலையாகத் தள்ளியது. அந்தச் சமயத்தில்தான் உழுகிறவனை வெளியேற்ற முடியாதபடி சட்டம் வருகிறது என்ற பேச்சு கிளம்பியது. முதலாளி முந்திக்கொண்டார். காப்பி போடப் போகிறேன், இடத்தைக் காலி செய் என்றார்.

டீக்கடை முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. நானும் இருந்தேன்.

"மண்ணு என்னுது. சருகு எம் மரத்துது," என்றார் முதலாளி.

"சருகு ஒங்களுதுதாங்க. மக்க வெச்சது யாரு?"

"அது தானா மக்கும்."

"தானா மக்குமா? அப்ப ஒங்க பங்களா வாசல்ல கூட்டிக் குமிச்சுத் தீ வெக்கிறீங்களே, அது ஏங்க மக்கல?"

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களே தீர்ப்பை முதலாளி பக்கம் சொன்னார்கள். வெற்றி பெற்றவருக்குத் தாராளம் வந்துவிட்டது. "கொண்டுபோக முடிஞ்சத எல்லாம் கொண்டுபோ தாயி. நான் தடுக்கல," என்றார். குடிசை ஓலையையும் பானை சட்டியையும் நினைத்துச் சொன்னார்.

"எத வேணாலுமாங்க?"

"எத வேணாலும்."

மறுநாள் மூக்கம்மாள் மண்ணை வெட்டினார். ஓடைக்குக் கீழே அவர் அப்பன் விட்டுப்போன பாறை நிலத் துண்டு ஒன்று இருந்தது. அங்கே கூடை கூடையாகப் போனது கறுப்பு மண். நாங்கள் சங்கத்தார் வரிசையாக நின்று கை மாற்றினோம். எஸ்டேட் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார்.

"ஏலே, மண்ண ஏன்டா அள்ளுறீங்க?"

"நீங்க குடுத்த செம்மண்ணு அடியில பத்திரமா கெடக்கு. அளந்து பாத்துக்கங்க," என்றார் மூக்கம்மாள், குனிந்த தலை நிமிராமல்.

பஞ்சாயத்தின் முன்னால் சொன்ன வார்த்தையை முதலாளியால் விழுங்க முடியவில்லை. சரிவில் நட்ட காப்பி நாற்று மஞ்சளாகி நின்றது. ஐப்பசி மழை பாதியை உருட்டிக்கொண்டு போனது. ஓடைக்குக் கீழே பாறைமேல் வாழை தழைத்தது. மூக்கம்மாள் தினமும் வரப்பில் நின்று மேலே பார்ப்பார். "அதப் பாத்தாத்தான் தம்பி, சோறு ரெண்டு வாய் கூட எறங்குது," என்பார். மன்னிப்பு நல்ல குணம் என்று அவருக்குப் பலர் சொன்னார்கள். நிலம் போகாதவர்கள் சொன்னார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கணக்கப்பிள்ளை பெரிய ரோஜா மாலையோடு வந்தார்.

"மொதலாளி ரொம்ப வருத்தப்பட்டாரு. அக்கா பாடுபட்ட சரிவுலயே அடக்கம் பண்ணிக்கலாம்னுட்டாரு. பேரு வெட்டிக் கல்லும் நட்டுத் தாராராம்."

பெரிய மனசு என்று யாரோ முணுமுணுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. மகன் கருப்பையாவுக்கு அதே எஸ்டேட்டில்தான் கூலி. குடியிருப்பதும் எஸ்டேட் தன் கூலிகளுக்கு விட்ட லைன் வீட்டில். கைக்குழந்தையோடு நின்ற மனைவியை அவன் ஒருமுறை பார்த்தான். நீ சொல்லு என்பதுபோல் அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"என்னப்பா, குழி வெட்டச் சொல்லிரவா?"

"வேணாங்க," என்றான் கருப்பையா. "எங்காத்தா அந்தச் சரிவுக்குப் போட்ட எரு போதும்."

கணக்கப்பிள்ளை மாலையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். யாரும் கை நீட்டவில்லை.

எங்கள் சன வழக்கப்படி பெட்டி இல்லாமல், துணி சுற்றி, பாறைத் துண்டின் வாழைகளுக்கு நடுவே அவரைப் புதைத்தோம். அந்த வாரமே கருப்பையாவின் வேலை போயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். சங்கம் எஸ்டேட் வாசலில் உட்காரப் போகிறது. இதைப் படிக்கிறவர்கள் வந்து சேருங்கள்.

அவர் உடம்பைப் புழுவும் வேரும் எடுத்துக்கொள்ளட்டும். அதில் அவருக்குத் தகராறு இருந்திருக்காது. கைக்கு வந்த எல்லாவற்றையும் மக்க வைத்தவர், அந்தப் பகையை மட்டும் கடைசிவரை குழியில் போடவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன்.