சம்பந்தி மென்ற மாவு

நிக்கனோரா சுரித்தாவுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். அடுத்தவர் கரண்டி, அடுத்தவர் சீப்பு, லாரியில் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தவரின் மூச்சு, சந்தையில் கைமாறி வரும் ஈர நோட்டு எல்லாமே அசிங்கம். அவள் கடையில் குடிக்க வருகிறவர்கள் ஒரே சுரைக்குடுக்கையை வாய்க்கு வாய் மாற்றிக் குடிப்பார்கள். மரியாதைக்கு அவளிடமும் நீட்டுவார்கள். வாங்கிக்கொள்வாள். ஆனால் கொடுத்தவர் கண்ணெதிரிலேயே இடுப்பில் கட்டிய முன்துணியால் விளிம்பை ஒரு சுற்று அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் வாய் வைப்பாள். கிளிசா ஊர்க் குடிகாரர்கள்கூட அதே மாதிரி துடைத்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

இத்தனைக்கும் அந்த அம்மாள் விற்றது என்ன? எச்சில். நாசூக்காகச் சொல்ல வேறு வழியில்லை. மக்காச்சோள மாவை ஒரு கவளம் வாயில் போட்டு, நாக்கால் உருட்டி உருட்டி எச்சிலில் ஊறவைத்து, அது மேலண்ணத்தில் அப்பிக்கொண்டதும் முன்பல்லில் வழித்து வெளியே எடுத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். அந்தச் சில்லுகளைக் கொதிநீரில் கரைத்துக் காய்ச்சி வடித்தால்தான் சிச்சா என்கிற அந்தச் சோளக் கள்ளுக்கு இனிப்பு ஏறும். ஆறிய பிறகு பழைய பானையின் அடிமண்டியை ஒரு குடுக்கை ஊற்றினால்தான் நுரைக்கும். எச்சில் இல்லாமல் கள் இல்லை, கள் இல்லாமல் நிக்கனோராவின் வீட்டு வாசலில் 'இங்கே கள் உண்டு' என்று காட்டும் வெள்ளைக்கொடி இல்லை.

அவளைக் கேட்டால் அது வேறு எச்சில் என்பாள். தன் வாயைச் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். கூலிக்கு மெல்ல வரும் பெண்களை மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பதுபோல வாயைத் திறக்கச்சொல்லிப் பார்ப்பாள். கோகா இலை மென்றவள், பூண்டு தின்றவள், மூக்கு ஒழுகுகிறவள் எல்லோரும் வந்த வழியே திரும்பவேண்டியதுதான்.

"எவ வாயின்னு மோந்து பாத்தே சொல்லிருவேன்" என்பாள். யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை. அந்தத் திமிருக்கும் அவள் சிச்சாவின் ருசிக்கும் சம்பந்தம் உண்டென்று ஊரே நம்பியது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த சம்பந்தியோ இலாரியா அல்மெந்த்ராஸ். கன்னத்தில் எப்போதும் கோகா உருண்டை, கடைவாயில் பச்சைக் கறை, முன்னால் ஆடிக்கொண்டிருக்கும் சில பற்கள். பேசினால் எதிரில் இருப்பவர் முகத்தில் இலைத் துணுக்கு தெறிக்கும். நிக்கனோராவின் ஒரே மகள் லியோகாதியா, அந்த அம்மாளின் மகன் எவரிஸ்தோவைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். பையன் நல்லவன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் நிக்கனோராவுக்கு இன்னும் எரிச்சல்.

அவர்கள் பக்கத்தில் கல்யாணச் சிச்சாவுக்கென்று ஒரு முறை உண்டு. இரண்டு சம்பந்திகளும் மென்ற மாவு ஒரே பானையில் விழ வேண்டும். இரண்டு வீடும் ஒரே எச்சிலாக வேண்டுமாம். ஒரு வாய் மட்டும் விழுந்தால் அது அரைக் கல்யாணம். முடியாது என்று சொன்னால் சம்பந்தி வீட்டை முகத்தில் காறித் துப்பியதாக அர்த்தம். அப்புறம் கல்யாணமும் இல்லை, மகளும் இல்லை. லியோகாதியா அன்றைக்கே மூட்டையைக் கட்டிவிடுவாள் என்று நிக்கனோராவுக்கு நன்றாகத் தெரியும்.

இலாரியா தன் பங்குச் சில்லுகளைக் கூடையில் போட்டு, வெள்ளைத் துணி மூடி, தானே தலையில் சுமந்துகொண்டு வந்தாள்.

"சம்பந்தி, நம்ம வீட்டு வாயி. கொறயிருந்தா சொல்லுங்க."

"கொறையா? பாத்தாலே தெரியுதே" என்றாள் நிக்கனோரா. மூச்சை அடக்கிக்கொண்டு கூடையை வாங்கியதால் குரல் கம்மியது. இலாரியா அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனாள். நிக்கனோரா கன்னத்தைச் சாம்பல் போட்டுக் கழுவினாள்.

மதியம் தெருவே உறங்கும் நேரத்தில் கூடையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துணியை விலக்கினாள். பூண்டு நாற்றம், கோகா நாற்றம், ஆடுகிற பல்லின் அழுகல் நாற்றம் எல்லாம் ஒன்றாக மூக்கில் ஏறியது. ஓங்கரித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, மொத்தத்தையும் பன்றித் தொட்டியில் கவிழ்த்தாள். பன்றிகளுக்கு அந்த மாதிரி நாசூக்கெல்லாம் கிடையாது. சந்தோஷமாகத் தின்றன.

குறைந்த மாவுக்குப் பதிலாகத் தானே உட்கார்ந்து மென்றாள். தாடை வீங்கியது, நாக்கு புண்ணானது, காது வரைக்கும் வலித்தது. அடுத்தவள் எச்சிலைவிட அந்த வலி அவளுக்குத் தேவலையாக இருந்தது. சில்லுகள் காய்ந்ததும் கரைத்துக் காய்ச்சி, வடித்து, ஆறவைத்து, மண்டியை ஊற்றிப் பானையின் வாயைக் கட்டியபோது ஒரு பாவமும் செய்யாதவள் முகம்போல அவள் முகம் தெளிவாக இருந்தது.

லியோகாதியா பன்றிகளுக்குக் கழனி ஊற்றப் போனவள் ஏதோ ஒன்றைக் கையில் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். தொட்டிக்குப் பின்னால் சிதறி, பன்றி வாய்க்கு எட்டாமல் கிடந்த ஒரு காய்ந்த சில்லு. அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது யாரு வாயிம்மா?"

"எவ வாயி, அந்தப் பொக்க வாயிதான். கீழ போட்டுட்டுக் கையக் கழுவு. சேத்துல கெடந்தத எடுத்துட்டு வந்திருக்கா பாரு."

"நல்லாப் பாரு. நீதான் மோந்து பாத்தே சொல்லுவியே."

நிக்கனோரா பார்த்தாள். அண்ணத்தின் வளைவு பதிந்த சில்லின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு புடைத்துக்கொண்டிருந்தது. முன்பல்லின் நுனி உடைந்தவள் வழித்து எடுத்தால்தான் அந்தக் கோடு விழும். லியோகாதியா சின்னவளாக இருக்கும்போது ஆட்டுக்கல்லில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள். அந்தக் கோட்டை நிக்கனோரா தன் கடைச் சில்லுகளில் தினமும் பார்த்துப் பழகியவள்தான். அன்றைக்குத்தான் கண்ணை மூடிக்கொண்டாளே.

"அத்தைக்கு வாயில எச்சியே ஊற மாட்டேங்குதும்மா. என்னவோ நோவு. மாவு போட்டா மாவாவே விழுது. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்னு எங்கிட்ட அழுதாங்க. பாவாட தைக்கப் போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டு நாந்தான் அங்க உக்காந்து மென்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா? நீ அவங்கள சந்த பூரா இழுத்திருக்க மாட்ட?"

மாட்டேன் என்று சொல்ல நிக்கனோராவுக்கே வாய் கூசியது.

"கொட்டும்போது ஓங்கரிச்சியாம்மா?"

எந்தப் பூண்டும் எந்தக் கோகாவும் அந்தக் கூடையில் இருந்ததில்லை. இருந்ததெல்லாம் தான் பால் கொடுத்து, பல் முளைக்கப் பார்த்து, மாவு மெல்லக் கற்றுக்கொடுத்த மகளின் வாய். அதன் வாடைக்குத்தான் தன் குடல் புரண்டது என்று நினைத்தபோது முதல்முறையாக நிக்கனோராவுக்குத் தன்மேலேயே குமட்டியது. எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

லியோகாதியா யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணத்தை நிறுத்தவுமில்லை. அம்மா கேட்டதற்குப் பதில், சொன்ன வேலை, அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று பானை திறந்தார்கள். நுரை பொங்கி நின்றது. ஊர் முழுக்கச் சுற்றி நிற்க, முதல் குடுக்கை இலாரியாவுக்கு. பூமித்தாய்க்கென்று தரையில் ஒரு சொட்டு சிந்திவிட்டுக் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"பாத்தீங்களா சம்பந்தி, நம்ம ரெண்டு வாயும் சேந்தா எப்படி இனிக்குதுன்னு."

அதே குடுக்கை நிக்கனோராவிடம் வந்தது. விளிம்பில் பச்சைக் கறை ஒட்டியிருந்தது. கூட்டம் அவள் முன்துணியையே பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டார்கள். நிக்கனோரா துடைக்கவில்லை. மகள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, அந்தப் பச்சைமேலேயே உதட்டை வைத்து, வந்த குமட்டலைச் சிச்சாவோடு சேர்த்து விழுங்கினாள். கூட்டம் வாயைப் பிளந்தது.

அடுத்து மணப்பெண். நிக்கனோரா இரண்டு கையாலும் குடுக்கையை நீட்டினாள். லியோகாதியா மரியாதையாகவே வாங்கிக்கொண்டாள். கல்யாணப் பாவாடைமேல் கட்டியிருந்த புது முன்துணியின் நுனியை எடுத்து, அம்மா வாய் வைத்த விளிம்பை ஒரு சுற்று அழுத்தித் துடைத்தாள். பிறகு குடித்தாள்.

"அம்மா கை அப்படியே வந்திருக்கு பாரு" என்று யாரோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது. இலாரியாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

நிக்கனோராவும் கூடச் சிரித்துவைக்கலாம் என்று வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு எச்சில் ஊறவில்லை.