மருதாணி காயும் வரை

இந்த ஊரில் கையில் ஹேண்ட்போன் இல்லாத ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டுமானால், இரண்டு கையிலும் மருதாணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைத்தான் பார்க்க வேண்டும். வேறு வழியே இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையின் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு ஸ்டூலும் போட்டு நான் மருதாணி போடுகிறேன். மற்ற மாதங்களில் கல்யாண வீடுகளுக்குப் போகிறேன். கதையும் எழுதுகிறேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கதை எழுதியிருக்கிறேன், படித்துப் பார்க்கிறீர்களா என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ் விற்க வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். என் சொந்தத் தங்கையே, "அனுப்பு, அனுப்பு, ஃப்ரீயா இருக்கும்போது படிக்கிறேன்" என்றாள். அவள் இன்னும் ஃப்ரீ ஆகவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் நான் இந்த வேலையைக் கண்டுபிடித்தேன். எழுதப்போகும் கதையை முதலில் வாடிக்கையாளரிடம் வாயால் சொல்லிப் பார்ப்பது. ஆனால் கதை என்று சொல்லக்கூடாது. "எங்க தாமான்ல ஒரு விஷயம் நடந்துச்சுக்கா" என்று ஆரம்பிக்க வேண்டும். குடியிருப்பில், அதான் தாமானில், நடந்த விஷயம் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் காது நீளாது?

அதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. வலது கைக்குப் போடும்போது வாயைத் திறக்கமாட்டேன். அப்போது அவர்களின் இடது கை சும்மா இருக்கும். கட்டைவிரல் ஹேண்ட்போனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வலது கை முடிந்து, அது ஈரமாகத் தொடைமேல் கிடக்க, இடது கையை நான் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஆரம்பிப்பேன். அதற்கப்புறம் அவர்கள் எங்கே போவார்கள்? கதை பிடிக்கவில்லை என்றால் பக்கத்துக் கடைப் பொம்மை கட்டியிருக்கும் சேலையைப் பார்ப்பார்கள். பிடித்துவிட்டால் கை அசையும். நான் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் தானாக மடங்கும். போட்ட பூ கலைந்துபோகும். துடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், மருதாணிக் கோன் வீண்தான். ஆனாலும் மனசுக்குள் அப்படி ஒரு குஷி.

இப்படி ஒரு தீபாவளி முழுக்க நான் சொல்லித் திரிந்தது இரண்டு ஓரகத்திகளின் கதை. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தாற்போல வாங்கிய, ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள். நடுவில் ஒரே சுவர். ஒரு வளைகாப்பில் வளையல் போட முதலில் யாரைக் கூப்பிட்டார்கள் என்பதில் மனஸ்தாபம். அன்றிலிருந்து மூத்தவளுக்கும் சின்னவளுக்கும் பேச்சு இல்லை. ஒருநாள் சின்னவள் வீட்டு டிவி கெட்டுப்போகிறது. புதிது வாங்க முடியவில்லை. சீரியல் நேரத்தில் நாற்காலியைச் சுவர் ஓரமாக இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டு டிவியைக் காதால் கேட்கிறாள். நாற்காலி இழுபடும் சத்தம் மூத்தவளுக்குக் கேட்கிறது. உடனே அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டுகிறாள். மறுநாள் டிவியையே நகர்த்திச் சுவர் பக்கம் வைக்கிறாள்.

இந்த இடம் வரும்போதெல்லாம் கட்டைவிரல்கள் மடங்கின. கிள்ளானிலிருந்து வந்த ஒரு அக்கா, "அடிப்பாவி!" என்று கத்தி உள்ளங்கை முழுவதையும் கலைத்துவிட்டார். அப்புறம் முடிவைச் சொல்வேன். சீரியலின் கடைசி நாள். சின்னவள் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்; இருவரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். கேட்பவர்கள், "ம்ம், நல்லதுதான்" என்பார்கள். "எத்தன நேரம் காயணும்?" என்று கேட்பார்கள். கட்டைவிரல் அசையாது. திருப்தியில் அமைதியாகிவிட்டார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முன் நான் அனுப்பிய கதைகளுக்கு எந்தப் பத்திரிகையிலிருந்தும் ஒரு பதில்கூட வந்ததில்லை. கிணற்றில் கல்லைப் போட்டால்கூடச் சத்தம் வரும். அதனால் இந்தக் கதையை ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இதுவும் போடலன்னா நான் எழுதுறதையே விட்டுடறேன். சத்தியமா."

அவர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். என் கதைகளைப் படிப்பார், ஆனால் நல்லா இருக்கு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அன்றைக்கு மட்டும் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "விட்டுட்டு என்ன பண்ணப் போற? என் உயிர எடுக்கப் போறியா?" என்றார்.

இந்தத் தடவை அந்தப் பதிப்பின் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. கிள்ளானிலிருந்து கே.எல். போகும் கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் வந்தது. நடை நன்றாக இருக்கிறதாம். ஆனால் கதை நம்பும்படியாக இல்லையாம். அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நம்பும்படியாக இல்லையா? எத்தனை பெண்கள் கையைக் கலைத்துக்கொண்டார்கள், வந்து பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. "நன்றி ஐயா" என்று மட்டும் அனுப்பிவிட்டு கே.எல். சென்ட்ரலில் இறங்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எழுதுவதை விட்டேன். வாடிக்கையாளர்களிடம் கதை சொல்வதையும் விட்டேன். வலது கை முடிந்து இடது கை போடும்போதும் வாயை மூடிக்கொண்டே போட்டேன். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று பழைய வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்.

இப்படியே சில மாதங்கள் போயின. பிறகு ஜெஞ்சாரோமில் ஒரு கல்யாண வீடு வந்தது. பெண்ணுக்குப் போட்டு முடித்ததும் சொந்தக்காரப் பெண்கள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்ணின் பெரியம்மா, ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்தவர், இரண்டு பேருக்குப் பிறகு கையை நீட்டினார். நல்ல உருட்டுக் குரல். அவர் பேசினால் கூடாரத்தில் வெங்காயம் உரிப்பவர்களுக்கும் கேட்கும்.

இடது கைக்கு வந்திருந்தேன். அவர் பாயில் இருந்தவர்களைப் பார்த்து, "ஏய், ஒரு விஷயம் கேளுங்க. எங்க நாத்தனார் தாமான்ல நடந்தது. ரெண்டு ஓரகத்தி, பக்கத்து பக்கத்து வீடு, பேச்சுவார்த்தையே இல்ல" என்று ஆரம்பித்தார்.

என் கோன் நின்றுவிட்டது.

வளைகாப்பு வந்தது. கெட்டுப்போன டிவி வந்தது. சுவர் ஓரமாக இழுத்துப்போட்ட நாற்காலி வந்தது. நான் உண்டாக்கிய நாற்காலி அது. எப்படி ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போனது? யார் கையில் ஏறிப் போனது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பாயில் இருந்த எல்லோரும், "ஐயோ, அப்புறம்?" என்றார்கள். மூத்தவள் டிவியை நகர்த்தி வைத்ததும் ஒரு அக்கா கண்ணைத் துடைக்கப் போய், கை ஈரம் என்று ஞாபகம் வந்து தோளில் துடைத்துக்கொண்டார்.

"இன்னிக்கி வரைக்கும் ரெண்டு பேரும் பேசல" என்று முடித்தார் பெரியம்மா. "ஆனா ஒண்ணு. விளம்பரம் வந்துச்சுன்னா மூத்தவ சத்தத்த கொறச்சிருவாளாம். சீரியல் வந்ததும் திரும்ப கூட்டுவாளாம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல ஆன்டி. கடைசில கட்டிப்புடிச்சு அழுதாங்க."

"ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

மாட்டிக்கொண்டேன். "நானும் கேள்விப்பட்டேன். கிள்ளான்ல நடந்ததுன்னு சொன்னாங்க."

"கிள்ளானா? எங்க நாத்தனார் வீட்டுக்கு ரெண்டு ரோடு தள்ளி லா! கட்டிப்புடிச்சாங்களாம், கட்டி." பாய் முழுக்கச் சிரிப்பு. "ஏம்மா, நீயா இருந்தா போய் கட்டிப்புடிப்பியா?"

யோசித்தேன். என் வீட்டுக்காரரின் அக்காவுடன் எனக்கும் பேச்சில்லை. ஒரு சீரியலுக்காகப் போய்க் கதவைத் தட்டுவேனா? உயிரே போனாலும் மாட்டேன். அப்படியிருக்க, சின்னவளை மட்டும் எதற்கு எழுப்பி அனுப்பினேன்? கதையை முடிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

குனிந்து பார்த்தால் பெரியம்மாவின் மணிக்கட்டில் நான் போட்ட கொடி கோணலாக இழுத்துக்கொண்டு முழங்கைப் பக்கம் போயிருந்தது. அவர் கையை ஆட்டவில்லை. ஆடியது என் கைதான். இத்தனை வருடத்தில் அப்படி ஆனதில்லை. "சாரி ஆன்டி" என்று துடைத்தேன். "பாத்து போடும்மா, கல்யாண வீடு" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் பஸ்ஸில் கிள்ளான் திரும்பும்போது எனக்குள் ஒரே ரகளை. ஒரு பக்கம் எரிச்சல். என் முடிவை யாரோ தூக்கி எறிந்துவிட்டு அவர்களுடைய முடிவை ஒட்டியிருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்! இன்னொரு பக்கம், அந்த விளம்பரச் சத்தம் மனசை விட்டுப் போகவே இல்லை. அதுதான் சரி. அதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆசிரியர் ஐயாவும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவர் நம்பாதது சுவரையல்ல, நான் கடைசியில் கொண்டுவந்து வைத்த அழுகையை. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்கவில்லை. பஸ்ஸிலேயே ஹேண்ட்போனை எடுத்துக் கடைசிப் பத்தியை அழித்துவிட்டு, பெரியம்மா சொன்ன விளம்பரத்தை அங்கே வைத்தேன். கட்டைவிரலெல்லாம் மருதாணிக் கறை.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் படிக்கக் கொடுத்தேன். படித்தார். ஹேண்ட்போனைத் திருப்பித் தரவில்லை. மறுபடி மேலே தள்ளி இன்னொரு தடவை படித்தார்.

"சத்தியம் பண்ணியே?"

"சத்தியம் எழுதுறதுக்குத்தான. இது திருத்துறது."

சிரித்துவிட்டார். "அனுப்பு. நீ எழுதாம இருந்தப்ப வீட்ல மனுஷன் இருக்க முடியல."

அனுப்பினேன். ஆசிரியரிடமிருந்து ஒரே வரி வந்தது, வரும் ஞாயிறு வருகிறது என்று. பாராட்டா? ஊஹூம். ஆனால் அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் பத்திரிகையோடு தோசையும் வாங்கிவந்தார். என் பெயர் அச்சில் இருந்தது. பக்கத்தில் ஒரு சுவரும் இரண்டு பெண்களும் படமாக. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். தங்கை அன்றைக்கும் ஃப்ரீயாக இல்லை. பரவாயில்லை.

அடுத்த தீபாவளி வந்தது. மறுபடி சேலைக்கடை வாசல். ஒருநாள் மத்தியானம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அந்த உருட்டுக் குரல் வந்தது. "ஏம்மா, ஜெஞ்சாரோம் கல்யாணத்துக்கு வந்த பொண்ணு நீதானே?" ஸ்ரீ கெம்பாங்கான் பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். வலது கை போட்டு முடிக்கும்வரை சேலை விலையைத் திட்டினார். இடது கையைப் பிடித்ததும் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தினாலும் எதிர்க்கடைக்குக் கேட்கும்.

"ஒனக்குத் தெரியுமா? அந்த ஓரகத்தி விஷயத்த எவளோ ஒருத்தி பேப்பர்ல கதையா எழுதிட்டா. அப்படியே! நடந்தத எடுத்துப் போட்டு பேர் வாங்கிட்டா. நல்லா இருப்பாளா அவ?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சுண்டுவிரலில் இலை போட்டேன்.

"அது கூட போகட்டும். அந்த விளம்பரத்துக்கு சத்தம் கொறைக்கிறது இருக்கே, அது நானா சேத்தது லா! சொல்றப்ப நல்லா இருக்கட்டுமேன்னு சும்மா சேத்து விட்டேன். அதையும் போட்டுட்டா. அவளுக்கு எப்படி தெரியும்?"

கோனைக் கீழே வைத்தேன். "ஆன்டி, திட்டாதீங்க. அந்த கதைய எழுதினது நான்தான். அந்த ரெண்டு பேரையும் உண்டாக்கினதும் நான்தான். போன தீபாவளிக்கு இங்க உக்காந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். சுத்திச் சுத்தி உங்ககிட்ட வந்திருக்கு. விளம்பரம் மட்டும் உங்களுது. அத நான்தான் திருடினேன்."

பெரியம்மா என் முகத்தையே பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. "அப்ப அந்த தாமான்ல அப்படி யாரும் இல்லையா?"

"இல்ல ஆன்டி."

"அந்த வீடு? அந்த சுவரு?"

"இல்ல."

"அடக் கடவுளே" என்று தெருவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கோபமா, ஏமாற்றமா, தெரியவில்லை. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டு கோனை எடுத்து மோதிரவிரலுக்கு வந்தேன். பொம்மை கட்டியிருந்த பச்சைச் சேலையை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கை மரம்போலக் கிடந்தது.

பிறகு திரும்பி, உண்மையாகவே மெதுவான குரலில் கேட்டார்.

"ஏம்மா, இப்பவாச்சும் ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் இல்ல ஆன்டி."

"அந்தச் சின்னவ எறங்கி வந்தா என்னவாம்? மூத்தவதான் இவ்ளோ செய்யறாளே. திமிரு புடிச்சவ!"

சொல்லிக்கொண்டே கட்டைவிரலை மடக்கிவிட்டார். உள்ளங்கைப் பூ முழுக்கக் கலைந்துபோனது. நான் பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட ஆரம்பித்தேன்.