தினமும் அரை நாள் சம்பளமில்லா விடுப்பு

என் மனைவிக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் அவள் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. பத்து மணிக்கு மேல்தான் மெல்ல இளகும். அதுவரை குழாயைத் திருகுவதோ பால் பாக்கெட்டை வெட்டுவதோ புடவையில் ஊக்கு குத்துவதோ அவளால் ஆகாது. மாத்திரைகள் பலன் தராமல் போனதும், ஆஸ்பத்திரியில் ஒரு பகல் படுத்து நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ளும் மருந்துக்கு டாக்டர் மாற்றினார். அது ஏறினால் சில மாதங்களுக்குக் கை அவள் சொன்னதைக் கேட்கும். பிறகு மறுபடி ஏற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் மூட்டு கெடும், கெட்ட மூட்டு திரும்பாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த மருந்தின் விலையை என் சம்பளத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது. அலுவலகத்தின் குழுக் காப்பீடுதான் கொடுத்தது.

எங்கள் அலுவலகம் பெங்களூர் தொம்மலூரில். இயந்திரங்களுக்கான கையேடுகள் தயாரிக்கிறோம். நான் அவற்றைத் திருத்துபவன். எந்தத் திருகை முதலில் கழற்றுவது, எதைக் கடைசியில் பூட்டுவது என்ற வரிசை பிசகாமல் பார்ப்பது என் வேலை. வீடு ஜோகுபாளையத்தில். மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். காலையில் மனைவிக்கு உதவ வந்துகொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போன பிறகு, அந்த வேலைகளை நானே செய்துவிட்டு அலுவலகம் ஓடினேன். வெந்நீரில் கை வைத்து எடுப்பது, டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி, குளியல், சமையல் எல்லாம் முடிந்து மேசைக்கு வரும்போது தினமும் தாமதமாகிவிடும். அரை நாள் வேலை கேட்கலாமென்று முடிவு செய்தோம். பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடக்குமா என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். இழுத்துப் பிடித்தால் நடக்கும்.

மேனேஜர் மைசூர் பக்கத்துக்காரர், என்னைவிட இளையவர். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"யாக்கெ சார் இஷ்டு யோசனெ? மத்யான பன்னி, சாக்கு," என்றார். இதற்குப் போய் இவ்வளவு யோசனையா, மத்தியானம் வந்தால் போதும் என்று கன்னடத்தில் சொன்னார்.

மனிதவளப் பிரிவில் இருப்பது லிங்கராஜபுரத்துத் தமிழ்ப் பெண். கூட்டத்தில் என்னை சார் என்பாள், ஆள் இல்லாதபோது அங்கிள். சம்பள மென்பொருளில் அரை நாள் ஊழியர் என்று ஒரு வகையே இல்லை. முழுநேர எம்ப்ளாயி, இல்லையென்றால் கன்சல்டன்ட். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். எம்ப்ளாயி என்று வைத்தால் தினமும் அரை நாள் வரவில்லை என்று மென்பொருள் கேள்வி கேட்கும். அதனால் எனக்குத் தொல்லை வேண்டாமென்று கன்சல்டன்ட் ஆக்கினாள். மேனேஜர் கைகுலுக்கி, "ப்ரமோஷன் சார்," என்று சிரித்தார். பக்கத்து பேக்கரியிலிருந்து கேக் வந்தது.

வீட்டில் சொன்னேன்.

"கன்சல்டன்டா? அப்போ இனிமே டீ போடறதுக்கும் ஃபீஸ் கேப்பீங்களா?" என்றாள் மனைவி.

"முதல் டீ ஃப்ரீ."

"ரெண்டாவது டீய நானே போட்டுக்கறேன். பத்து மணிக்கு அப்புறம்."

அன்று நாள்குறிப்பில் 'ஏற்பாடு முடிந்தது' என்று எழுதினேன்.

அடுத்த முறை மருந்து ஏற்றும் நாளில் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். காப்பீட்டு மேசையில் இருந்த இளைஞர் அட்டை எண்ணைத் தட்டினார். திரும்பவும் தட்டினார்.

"சார், இது ஆக்டிவ் இல்ல. நீங்க கம்பெனி விட்டுட்டீங்களா?"

"இல்லையே. நேத்துகூட ஆபீஸ் போனேன்."

"போன மாசமே டெலீட் ஆகியிருக்கு. பேரு லிஸ்ட்லயே இல்ல. ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க."

மனைவி கையில் ஊசி குத்துவதற்கு வசதியாகத் தளர்வான சட்டை போட்டு வந்திருந்தாள். நான் வெளியே போய் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மனிதவளப் பெண்தான் எடுத்தாள்.

"ஐயோ அங்கிள். பாலிசில 'நிரந்தர முழுநேர ஊழியர்கள்'னுதான் இருக்கு. கன்சல்டன்ட்னு மாத்தினதும் அடுத்த மாச லிஸ்ட்ல உங்க பேரும் ஆன்ட்டி பேரும் தானா போயிடுச்சு. எனக்கு இது தோணவே இல்ல."

எனக்கும்தான் தோன்றவில்லை. மேனேஜருக்கும் தோன்றவில்லை. மூவரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தோம். மனைவியைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையைக் குறைத்தேன். வேலையைக் குறைத்ததால் அவளுக்கு மருந்து நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அவள் கோபப்படவில்லை. "முழு நாள் வேலைக்கே திரும்பிடுங்க. காலைல நான் எப்படியோ பாத்துக்கறேன்," என்றாள்.

"எப்படி?"

"மாடி வீட்டு அக்காகிட்ட கேக்கறேன்."

"குளிக்கறதுக்குமா?"

அவள் எங்கள் தெருத் திருப்பத்தை ஆட்டோக்காரருக்குச் சொன்னாள்.

தனியாக ஒரு பாலிசி எடுக்கலாமென்று ஏஜெண்டுகளிடம் பேசினேன். எல்லாரும் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார்கள். நோயின் பெயரைச் சொன்னதும் குரல் மாறியது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். இன்னொருவர் திரும்ப அழைப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார், அழைக்கவே இல்லை. குழுக் காப்பீட்டில் மட்டும்தான் பழைய நோய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குழுவில் இருக்க முழு நாள் நாற்காலியில் உட்கார வேண்டும்.

பாதி பிரீமியத்தை நானே கட்டுகிறேன், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். முழுவதையும் கட்டுவதாகவும் சொன்னேன். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரித்தார். யார் கட்டுவது என்பதல்ல கேள்வி, யார் ஊழியர் என்பதே என்று பதில் வந்தது.

வாரங்கள் போயின. மனைவியின் விறைப்பு பத்து மணியைத் தாண்டி மத்தியானம் வரை நீடித்தது. ஒருநாள் நான் கிளம்பும்போது, ஃப்ளாஸ்க் மூடியை லேசாகத் திருகி வைக்கச் சொன்னாள். சாயங்காலம் வந்து பார்த்தேன். மூடி வைத்தபடியே இருந்தது. உள்ளே காப்பியும் இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவள் மனிதவளப் பெண்தான். ஒரு மத்தியானம் என் மேசைக்கு வந்து குனிந்து குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அங்கிள், உங்கள மறுபடி எம்ப்ளாயியா போட்டுடறேன். முழு நேரம். ஆனா தினமும் காலைல அரை நாள் எல்.ஓ.பி."

"சம்பளமில்லா விடுப்பா? தினமுமா?"

"தினமும். சம்பளம் அதே பாதிதான் வரும். சாஃப்ட்வேர் மெயில் போட்டுப் போட்டு உயிர எடுக்கும், கண்டுக்காதீங்க."

"பொய் இல்லையே இது?"

"என்ன பொய்? அரை நாள் வர்றீங்க, அரை நாள் வர்றதில்ல. அதத்தான எழுதறோம்?"

மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டார். அடுத்த மாதப் பட்டியலில் எங்கள் பெயர்கள் திரும்ப ஏறின. தாமதமாக, ஆனால் மருந்து ஏறியது. சில நாள் கழித்து மனைவி என்னைக் கேட்காமல் மாதுளையை உரித்தாள். மூட்டில் ஏதாவது நிரந்தரமாகக் கெட்டிருக்கிறதா என்று டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். இடது கையில் ஒரு விரல் மட்டும் கொஞ்சம் வளைந்தே இருக்கும் என்றார்.

என் விஷயம் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பேண்ட்ரியில் டீ போடும் அம்மா தொம்மலூர் பழைய ஊரைச் சேர்ந்தவர். காலையில் எங்கள் மாடி, மத்தியானம் அதே கட்டிடத்தில் வேறொரு கம்பெனி. முன்பு ஒரே இடத்தில் முழு நாள் வேலை பார்த்தபோது இ.எஸ்.ஐ. மருத்துவ அட்டை இருந்தது. வேலையை இரண்டாகப் பிரித்து இரண்டு காண்டிராக்டர்கள் எடுத்த பிறகு, இருவருமே அவரைப் பகுதிநேரம் என்கிறார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று வேலை செய்பவர் எப்படிப் பகுதிநேரம் ஆவார் என்று எனக்குப் புரியவில்லை.

"சார், உங்களுக்குப் போட்ட மாதிரி எனக்கும் அந்த லீவ போடச் சொல்லுங்களேன். சக்கர மாத்திரைய எத்தன நாளைக்குக் கடைல ரெண்டு மூணா வெட்டி வாங்கறது?"

மனிதவளப் பெண்ணிடம் கேட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. "அவங்க நம்ம ஸ்டாஃப் லிஸ்ட்லயே இல்ல அங்கிள். அந்தப் பேர எந்தப் பக்கத்துல போய் எழுதுவேன்?"

எனக்கு நடந்தது தயவு. அந்தப் பெண் கெட்டிக்காரி, மேனேஜர் நல்லவர், நான் பல வருடம் இங்கே இருப்பவன். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நடந்திருக்காது. பாதி நேரம் வேலை செய்பவனுக்குப் பாதிச் சம்பளம் நியாயம்தான். நோய் பாதியாக வருவதில்லை. வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் யார் என்று பார்த்தாலே தெரியும்: வீட்டில் நோயாளி இருப்பவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள், தானே நோயாளியானவர்கள். காப்பீடு அதிகம் தேவைப்படுகிறவர்களை முதலில் வெளியே அனுப்பும் ஏற்பாடு இது. பிரீமியத்தை வேலை நேரத்துக்குத் தக்கபடி முதலாளியும் ஊழியரும் பிரித்துக் கட்டலாம். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டு இடத்திலும் பங்கு கேட்கலாம். அட்டை ஆளோடு இருக்க வேண்டும், நாற்காலியோடு அல்ல.

இதைத்தான் ஒரு பக்கத்தில் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். பாலிசி புதுப்பிக்கும்போது 'முழுநேர' என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டிருந்தேன். காண்டிராக்டில் இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது கடைசி வரி.

"கடைசி லைன் கஷ்ட சார்," என்றார். "முதல்ல இருக்கறத கேக்கலாம். ஆனா ஆபீஸ்ல பார்ட் டைம் யாரு? நீங்க ஒருத்தர்தானே? ஒருத்தருக்காக மாத்த மாட்டாங்க."

மறுநாள் நான் மேசை மேசையாகப் போனேன். காப்பீடு போகாது என்றால் அரை நாளுக்கு மாறுவீர்களா என்று மட்டும் கேட்டேன். இரட்டைக் குழந்தை பெற்ற பெண் நான் முடிப்பதற்குள் ஆமாம் என்றாள். கையேடுகளுக்குப் படம் வரைபவர் தன் அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறவர்; அவர், "நான் அதுக்குத்தான் சார் கேக்கவே பயந்துட்டு இருக்கேன்," என்றார். கணக்குப் பிரிவிலும் ஒருவர் இருந்தார். நான் எழுதிய பக்கத்தின் கீழே கையெழுத்துகள் சேர்ந்தன. கடைசி வரியை நான் எடுக்கவில்லை.

கடிதம் மேலே போயிருக்கிறது. இதற்கிடையில் மனிதவளப் பெண்ணுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. கடைசி நாளன்று கேக் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அங்கிள், ஆன்ட்டிக்கு அடுத்த மருந்து ஏத்தற மாசம் முடியற வரைக்கும் உங்களுக்கு எல்.ஓ.பி. போட்டு வெச்சிட்டேன். புதுசா வர்றவங்க அதத் தொட மாட்டாங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் பாலிசி ரெனீவல் அங்கிள். மேனேஜர வாராவாரம் கேட்டுட்டே இருங்க, விடாதீங்க."

இந்த வாரம் கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை என்றார்.